பிஸ்கட் டப்பாவில் ஐந்து நாடாக்கள்



கடந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் பூசை முடிந்து நாம் பங்கு இல்லத்துக்குத் திரும்புகையில், தகர பிஸ்கட் டப்பா ஒன்றை மார்போடு அணைத்தவாறு வயதான தாயொருவர் வாசற்படியில் காத்திருந்தார். டப்பாவினுள் உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேசட்டுகள் ஐந்து. அவருடைய கணவர் குவைத்தில் வேலை பார்த்தவர். 1993இல் விடுமுறைக்கு வந்தபோது கைக்கேமரா ஒன்றை வாங்கிவந்து, இருந்த இரண்டு மாதமும் வீட்டாரைப் படம் பிடித்தாராம். அவர் காலமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. படம் பிடித்தவர் அவரே ஆதலால் எந்தக் காட்சியிலும் அவர் முகம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் பேசிய பேச்சு மட்டுமே உண்டு.

“சாமி, அவுக குரல் இதுக்குள்ளதான் இருக்கு. அதை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்” என்றார் அத்தாய்.

இதற்கு முன்னரே ஒரு நாடாவைப் பட்டணத்துக் கடையொன்றில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றி வாங்கியிருந்தார்கள். அதனை நாமும் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் ஓடுகிறார்கள், வாய்கள் அசைகின்றன. கேட்பதோ தொடக்கம் முதல் இறுதி வரை சினிமாப் பாட்டு! கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு இதனைச் செய்யவில்லை. நம் கலியாண வீடியோக்கள் யாவும் இவ்வண்ணமே பாட்டு சேர்த்துத் தரப்பட்டுப் பழகிவிட்டன; பாட்டில்லாமற் கொடுத்தால் வேலையில் குறை வைத்ததாக எண்ணுவோரும் நம்முள் உண்டு. “இனி இந்த நாடா எதற்கு, எறிந்துவிடலாமே” என்றும் கடையில் சொன்னார்களாம். அந்த அம்மா கேளாமல் அதனைக் கையோடு வாங்கி வந்ததே நல்லதாயிற்று.

இவ்வகை நாடாவுக்கு ‘வீடியோ 8’ என்று பெயர். அதன் அகலம் எட்டு மில்லிமீட்டர். 1980களின் நடுப்பகுதி முதல் கைக்கேமராக்களில் பயன்பட்டது. 1976இல் ஜப்பானில் வெளிவந்த பெரிய வி.எச்.எஸ். கேசட்டை அநேக வீடுகளில் காணலாம். 1995இல் வந்தது ‘மினி டி.வி.’ (பெயரைக் கொண்டு தொலைக்காட்சி என்று எண்ணிவிட வேண்டாம், எண்களாகப் பதியும் சிறு நாடா அது). இம்மூன்றுக்கும் நேர்ந்துள்ள இடர் ஒன்றே: நாடா கெடுமுன்னரே அதனை ஓட்டும் கருவி கிடைக்காமற் போகிறது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபூனாய் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகமோ, நாடாக்களைக் காப்பாற்ற 2025ஆம் ஆண்டே எல்லை என்று முன்னதாகவே எச்சரித்திருந்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

அத்தாயின் வீட்டுக் கேமரா பேட்டரி ஊதி, மூடி திறவாமற் கிடந்தது. நல்வாய்ப்பாக நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ‘டிஜிட்டல் 8’ என்னும் கேமரா இருந்தது. 1999இல் வந்த இவ்வகையில் சில மாடல்கள் பழைய வீடியோ 8 நாடாவையும் ஓட்டும். அன்றியும் படத்தை எண்களாக மாற்றி, ஃபயர்வயர் என்னும் கம்பி வழியே கணிப்பொறிக்கு அனுப்பும். புதிய கணிப்பொறிகளில் இக்கம்பிக்கான துளை இராது. உபதேசியாரின் மகன் தன் பழைய கணிப்பொறியைத் தூசி தட்டி எடுத்து வந்தான். இவ்வசதி இல்லாதோர், மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைச் செருகி யு.எஸ்.பி. வழியே கணிப்பொறியில் இணைக்கும் சிறு கருவியை வாங்கிக்கொள்ளலாம். மினி டி.வி. நாடாவுக்கு மட்டும் அது வேண்டாம். ஃபயர்வயர் வழியே எடுத்தால் நாடாவில் உள்ளது குறைவின்றி அப்படியே வந்துசேரும்.

நாடாவைக் கருவியில் இடுமுன், அதன்மேல் தவறுதலாகப் பதிவு விழாதபடி காப்பிட வேண்டும். வி.எச்.எஸ். கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் பல்லை ஒடித்துவிடுங்கள். சிறு நாடாக்களில் நகர்த்தும் பொத்தான் இருக்கும். பின்பு கேசட்டின் கண்ணாடி வழியே சுருளை உற்றுப் பாருங்கள். வெண்பொடி படிந்திருப்பின் அது பூஞ்சை. நம்மைப் போன்ற கடலோரத்தாருக்கு இது புதிதன்று. அத்தகைய நாடாவை ஓட்டினால் கருவியும் கெடும், அடுத்து இடும் நாடாவுக்கும் தொற்றும். எமது ஐந்தில் ஒன்று அவ்வாறிருந்தபடியால் தனியே எடுத்து வைத்தோம். ஏனையவற்றைக் கடைசிவரை சுற்றி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றிய பிறகே ஓட்டினோம்.

இவ்வேலையில் குறுக்குவழி இல்லை. தொண்ணூறு நிமிட நாடாவுக்குத் தொண்ணூறு நிமிடமும் கணிப்பொறி காத்திருந்தே ஆகவேண்டும். ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கொள்ளும். டி.வி.டி. தட்டிலோ 4.7 ஜிகாபைட்டே அடங்கும். ஆகவே படத்தைச் சுருக்கித்தான் எழுதுகிறார்கள். ஒரு தட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் முகங்கள் கட்டங்கட்டமாக உடையும். தட்டு வீட்டார் கூடியிருந்து பார்க்க நல்லது. ஆயினும் வெயிலும் கீறலும் அதனைக் கெடுக்கும், அதனை ஓட்டும் கருவியும் அருகி வருகிறது. சுருக்காத பெரிய கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் ஏற்றி, ஒன்றைத் தாயின் வீட்டிலும் மற்றதை மகளின் வீட்டிலும் வைக்கச் செய்தோம். கடையில் கொடுப்போர் ஒரு சீட்டில் எழுதியே கொடுங்கள்: பாட்டு வேண்டாம், வெட்ட வேண்டாம், நாடா திரும்ப வேண்டும்.

பாட்டில் மறைந்த நாடாவைத்தான் முதலில் ஓட்டினோம். அத்தாய் எவ்வளவு சொல்லியும் வீட்டுக்குப் போகாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தார். சிறிது நேரம் காற்றின் இரைச்சலும் கோழிச் சத்தமும். பின்பு, மிக அருகில், ஓர் ஆண்குரல்: “ஏட்டி, முந்தானையைச் சரி பண்ணு, படம் எடுக்கேன்லா.”

திரையில் இருந்த இளம்பெண் நாணிச் சிரித்தாள். நமக்குப் பக்கத்தில் இருந்த மூதாட்டியின் கையும் தன்னையறியாமல் முந்தானைக்குப் போயிற்று. உபதேசியாரின் மகன் கணிப்பொறியை விட்டெழுந்து வெளியே போய்விட்டான். நாமும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கு நாடாக்கள் முடிந்தன. பூஞ்சை பிடித்த ஐந்தாவது இன்னும் அதே பிஸ்கட் டப்பாவில், நமது மேசைமேல் இருக்கிறது. விடுமுறையின் கடைசி நாள் அதில்தான் என்கிறார் அத்தாய். அதனைச் சுத்தம் செய்யும் பக்குவம் அறிந்தவர் நம் வாசகருள் எவரேனும் இருப்பின், இப்பத்திரிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதும்படி வேண்டுகிறோம்.