சமையலறையும் கூடவே வரணுமா?

எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் கேரவன் பைத்தியம் பிடித்திருக்கிறது. சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்கு வைத்திருக்கும் வண்டி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது குடும்பத்தோடு ஊர் சுற்றவும் வாடகைக்குக் கிடைக்கிறதாம். உள்ளேயே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. கேரள அரசு 2021-ல் இதற்கென்றே திட்டம் போட்டது. மறு வருஷமே வாகமனில் இந்த வண்டிகளை நிறுத்தித் தங்க ஒரு இடமும் திறந்துவிட்டார்கள்.

செல்போனில் இதைப் பார்த்துவிட்டு என் பையன், "அம்மா, நாமும் போகலாம்மா" என்று நச்சரிக்கிறான். என் கணவரோ, "ஓட்டல் செலவு மிச்சம். நீயே சமைச்சிடலாம்" என்கிறார். அந்த 'நீயே'தான் எனக்கு இடிக்கிறது!

வழியில் சமைத்துச் சாப்பிடுவது நமக்கு என்ன புதுசா? போன மே மாதம் இரண்டு குடும்பமாக வேன் பிடித்து திருச்செந்தூர், கன்னியாகுமரி போய் வந்தோம். ஸ்டவ், குக்கர், மளிகை சாமான் எல்லாம் சீட்டுக்கு அடியில். புளியமர நிழலைப் பார்த்து வண்டி நின்றதும் ஆண்கள் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்துவிடுவார்கள். நானும் என் ஓரகத்தியும் வெங்காயம் உரித்து, சோறு பொங்கி, பரிமாறி, பாத்திரம் கழுவி நிமிரும்போது, "கிளம்பலாமா, நேரமாச்சு" என்று குரல் வரும். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க எல்லோரும் ஓடினார்கள். நான் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சூரியனை போட்டோவில்தான் பார்த்தேன்!

அதைவிடக் கொடுமை இன்னொன்று. என் மாமியார் சர்க்கரை வியாதிக்காரர். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்று பயந்து, அந்த வெயிலில் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். "ஏன் அத்தை, கேட்டிருந்தா வண்டிய நிறுத்தியிருப்போமே" என்றேன். "எங்கே நிறுத்துவீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், கேரவனில் எனக்குப் பிடித்தது அதன் அடுப்பு அல்ல, பாத்ரூம்தான். ஆனால் அந்த வாடகை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? 50 சென்ட் இடமும், ஐந்து வண்டி நிறுத்த வசதியும் இருந்தால் கேரவன் நிறுத்தும் பூங்கா அமைக்கலாம் என்று கேரளத்தில் விதி வைத்திருக்கிறார்கள். அதேபோல நம் ஊர் நெடுஞ்சாலைகளில் சாதாரண வேன்களுக்கும் ஒரு இடம் ஒதுக்கினால் என்ன? பெண்களுக்குப் பூட்டு போட்ட சுத்தமான கழிப்பறை, தண்ணீர்க் குழாய், விளக்கு, குப்பைத் தொட்டி, சமைக்க ஒரு தகரக் கொட்டகை, இவ்வளவு போதும். கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும், சந்தோஷமாகக் கொடுப்போம். சாப்பிட்ட இலையை ரோட்டோரம் வீசுவதும் குறையும்.

கொட்டகை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரையில் நடந்ததை மறக்க முடியுமா? லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் ரயில் பெட்டி ஸ்டேஷன் அருகே நின்றிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் விடியற்காலையில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். நாங்களும் அந்த வேனில் பிள்ளைகள் படுத்திருந்த சீட்டுக்குப் பின்னால்தான் சிலிண்டரை வைத்திருந்தோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த பயணத்துக்கு நான் நிபந்தனை போட்டுவிட்டேன். சிலிண்டர் கிடையாது. முதல் நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொள்வோம். மற்ற நாட்களில் மெஸ் சாப்பாடு. அப்படியும் சமைத்துத்தான் ஆகணும் என்றால் ஆண்கள் முறை போட்டுச் சமைக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நல்ல கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து வண்டி நிற்க வேண்டும். கணவர் முதலில் முறைத்தார். மாமியார் என் பக்கம் பேசியதும் அடங்கிவிட்டார்!

வேனோ, கேரவனோ, வீட்டில் செய்யும் அதே வேலையை ரோட்டிலும் செய்வதற்குப் பெயர் சுற்றுலாவா? நீங்களே சொல்லுங்கள், சகோதரிகளே!

– ஒரு வாசகி, திண்டுக்கல்