இத்தாலி ஒயின் விலை குறையப்போகுது... சேலம், நாமக்கல்ல இருக்கிற உங்களுக்கு அதனால என்ன லாபம்?

பாஸ்தா, மெழுகுவத்தி, ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின். இன்ஸ்டாவைத் திறந்தா பத்து ரீல்ஸுக்கு ஒண்ணு இப்படித்தான் வருது. கமென்ட்ல யாராவது ஒருத்தர் 'பாரோலோ', 'புருனெல்லோ'ன்னு பேர் சொல்லிட்டுப் போவார். கூகுள் பண்ணி விலையைப் பார்த்தா, உங்க ஒரு மாச ரூம் வாடகை ஒரே பாட்டில்ல போயிடும்போல இருக்கும்.

இந்த நேரத்துலதான் அந்தச் செய்தி வந்தது. 2026 ஜனவரி 27 அன்று இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையை முடித்துவிட்டதாக டெல்லியில் அறிவித்தன. இதன்படி ஐரோப்பிய ஒயினுக்கு இருக்கும் 150% இறக்குமதி வரி, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் 75% ஆகும். பிறகு படிப்படியாக, நடுத்தர விலை ஒயினுக்கு 30%, உயர் விலை ஒயினுக்கு 20% என்று இறங்கும். 'இனி இத்தாலி ஒயின் சல்லிசா கிடைக்கும்'னு மீம்ஸ் பறந்துச்சு.

நிஜமாவே கிடைக்குமா? சேலம் ஐந்து ரோட்டிலும் நாமக்கல் பரமத்தி ரோட்டிலும் இருந்து பார்த்தா, கணக்கு கொஞ்சம் வேற மாதிரி வருது.

முதல்ல, அந்த பாட்டில் ஏன் அவ்வளவு விலை?

எல்லாமே பந்தா விலை இல்லை. பாதி விலை, காலத்துக்குக் கொடுக்கிற விலை.

வடமேற்கு இத்தாலியின் பாரோலோ, நெபியோலோ என்ற திராட்சையில் செய்யப்படுவது. சட்டப்படி அது 38 மாதங்கள் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். டஸ்கனி பகுதியின் புருனெல்லோ டி மோன்டால்சினோ, திராட்சை அறுத்த வருடத்திலிருந்து ஐந்தாவது வருட ஜனவரியில்தான் கடைக்கே வரலாம். அமரோனே இன்னும் ஒரு படி மேல. அறுத்த திராட்சையை மாதக்கணக்கில் தட்டுகளில் பரப்பிக் காயவைத்து, சுருங்கினதுக்கு அப்புறம்தான் பிழிவார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிடும். நம்ம ஊர்ல வடகம் காயவைக்கிற மாதிரி, ஆனா மாதக்கணக்கா.

முதலீடு வருஷக்கணக்கில் முடங்கிக் கிடக்குது. அதுக்கான வட்டியும் சேர்ந்துதான் உங்க கிளாஸுக்கு வருது.

வரி என்ன பண்ணுது?

ஒரு சின்னக் கணக்கு. துறைமுகத்துக்கு வரும்போது ஒரு பாட்டிலின் மதிப்பு 1,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 150% வரி போட்டா 2,500. வரி 75% ஆனா 1,750. 30% ஆனா 1,300. 20% ஆனா 1,200. பார்க்க அருமையா இருக்குல்ல?

இங்கதான் ட்விஸ்ட். இது துறைமுகத்தைத் தாண்டும்போது இருக்கும் கணக்கு மட்டும்தான். மதுபானம் ஜிஎஸ்டிக்குள் வராது. அதன் மீதான ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் மாநில அரசின் கையில். டெல்லியும் பிரஸ்ஸல்ஸும் கையெழுத்துப் போட்டா சுங்கவரிதான் குறையும். மாநில வரியும், இறக்குமதியாளரின் லாபமும், லாரி வாடகையும் அப்படியேதான் இருக்கும். ஆக, வரி பாதியானதால கடை விலையும் பாதியாகிடும்னு நம்பினா ஏமாற்றம்தான்.

முன்னுதாரணமும் இருக்கு. 2022 டிசம்பர் 29 அன்று இந்தியா - ஆஸ்திரேலியா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 5 டாலருக்கு மேல் மதிப்புள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி 150-லிருந்து 100% ஆனது, 15 டாலருக்கு மேல் என்றால் 75%. அதற்குப் பிறகு பத்து வருடங்களில் படிப்படியாகக் குறையும். இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். சலுகை அதிகமாகப் போவது விலை உயர்ந்த பாட்டிலுக்கு. ரொம்ப மலிவானதுக்கு இல்லை. உள்நாட்டு உற்பத்தியாளர்களைக் காப்பாத்தத்தான் இப்படி வடிவமைக்கிறாங்க.

சேலத்தில் எழுதப்பட்ட சட்டம்

தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக்கிடம். அங்கே என்ன பாட்டில் வருதோ அதுதான் உங்க சாய்ஸ். இதுல ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கீங்களா? நாம மதுக்கடையை 'ஒயின் ஷாப்'புன்னுதான் சொல்றோம். ஆனா அங்க அபூர்வமா கிடைக்கிற பொருளே ஒயின்தான். பிராந்தியும் பீரும்தான் ஓடுது. இறக்குமதி ஒயின் வேணும்னா பெரிய ஊர்களில் இருக்கும் 'எலைட்' கடைகளையோ, பார் உரிமம் உள்ள ஹோட்டல்களையோதான் தேடணும்.

இந்த விற்பனை எந்தச் சட்டத்தின் கீழ் நடக்குது தெரியுமா? 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். ஆமாம், மதுவை விற்பதற்கான விதிகளே மதுவைத் தடை செய்ய எழுதிய சட்டத்தில் இருந்துதான் வருது!

அந்தச் சட்டம் முதலில் அமலான இடம் நம்ம சேலம்தான். 1937 அக்டோபர் 1. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, சோதனை முயற்சியாக சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தியவர். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே இருந்தன. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான்.

மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட, 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. இன்னிக்கு நிலைமை தலைகீழ். விற்பனை வரியும் இருக்கு, மது வருமானமும் இருக்கு. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இவ்வளவு பெரிய வருமானத்தில் கைவைத்து, உங்க ஒயினுக்காக மாநில வரியைக் குறைப்பாங்களான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

சரி, மாற்று என்ன?

நீங்க 21 வயதைத் தாண்டியவர், எப்போதாவது ஒரு கிளாஸ் என்பதுதான் உங்க பழக்கம், ஆனா காசை வீணாக்கவும் மனசில்லை என்றால், இதைத் தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

1. பெரியண்ணன் வேணாம், தம்பி போதும்: இத்தாலிக்காரங்களே தினமும் பாரோலோ குடிக்கிறதில்லை. அதே நெபியோலோ திராட்சையில், நீண்ட முதிர்வு இல்லாமல் வருவது 'லாங்கே நெபியோலோ'. புருனெல்லோவுக்குத் தம்பி 'ரோஸ்ஸோ டி மோன்டால்சினோ'. அதே ஊர், அதே சாஞ்ஜோவேசே திராட்சை, அறுவடைக்கு அடுத்த வருடமே கடைக்கு வந்துடும். அமரோனேவுக்குப் பதில் 'ரிபாஸ்ஸோ'. அமரோனே பிழிந்த சக்கையின் மேல் சாதாரண ஒயினை ஊற்றி, மிச்சமிருக்கும் சாரத்தை இறக்குவது. தேங்காயில் ரெண்டாம் பால் எடுக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த லாஜிக்தான்.

2. புகழ் குறைந்த ஊர்கள்: 'மோன்டேபுல்சியானோ தப்ரூட்சோ', சிசிலியின் 'நேரோ தாவோலா', தெற்கத்திய 'பிரிமிடிவோ' இவையெல்லாம் பேருக்காக அதிகம் காசு வாங்காத இத்தாலி சிவப்புகள்.

3. இத்தாலி வாசம், சோலாப்பூர் மண்: மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இருக்கும் 'ஃபிராட்டெல்லி' நிறுவனத்தின் பெயருக்கே இத்தாலிய மொழியில் 'சகோதரர்கள்' என்று அர்த்தம். இத்தாலிய சகோதரர்களும் இந்திய சகோதரர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. டஸ்கனியிலிருந்து வந்த பியரோ மாஸி என்ற ஒயின் நிபுணரை வைத்து, சாஞ்ஜோவேசே திராட்சையையே இங்கே பயிரிட்டார்கள். சுங்கவரி இல்லை, கப்பல் செலவு இல்லை. நாசிக்கின் 'சுலா', பெங்களூரு பக்கம் நந்தி மலை அடிவாரத்தின் 'குரோவர்' ஆகியவையும் இந்த வரிசையில் பார்க்க வேண்டியவை.

'பெங்களூரு நாலு மணி நேரம்தானே, அங்கேயே வாங்கிட்டு வந்துடலாம்'னு நினைக்கிறீங்களா? வேண்டாம். அனுமதியில்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது அதே 1937 சட்டப்படி குற்றம். வீட்டில் திராட்சையைப் புளிக்கவைத்து ஒயின் தயாரிப்பதும் அப்படித்தான்.

பள்ளிப்பாளையம் சிக்கனுக்கு பாரோலோ சரிப்படுமா?

சரிப்படாது. சிவப்பு ஒயினில் நாக்கை வறட்டுகிற துவர்ப்பு ஒன்று இருக்கும். 'டானின்' என்பார்கள். கொட்டைப்பாக்கிலும் கடுந்தேநீரிலும் இருக்கிற அதே சமாச்சாரம். கொழுப்பு அதிகமான மாமிசத்தோடு அது நல்லா சேரும். ஆனா வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்ட பள்ளிப்பாளையம் சிக்கனோடு சேர்ந்தா, ஆல்கஹால் காரத்தைத் தூக்கிக் கொடுக்கும். துவர்ப்பு இன்னும் கசக்கும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து நாக்கு எரிஞ்சதுதான் மிச்சம்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்குத் துவர்ப்பு குறைவா, புளிப்பும் பழ வாசமும் தூக்கலா இருக்கிற ஒயின்தான் பொருந்தும். இத்தாலியிலேயே 'பார்பேரா' அப்படிப்பட்டது. பாரோலோவை விட விலையும் குறைவு. அதாவது, நம்ம தட்டுக்கு மலிவானதே சிறந்தது!

இன்னொண்ணு, வெயில். ஒயினைப் பாதுகாக்க ஏற்ற வெப்பநிலை 12 முதல் 15 டிகிரி. சேலம் ஏப்ரல், மே மாதத்தில் 40-ஐ எட்டிப் பார்க்குது. ஏசி இல்லாத குடோனில் நின்ற பழைய பாட்டில், லேபிள் எவ்வளவு கெத்தா இருந்தாலும் உள்ளே வெந்துபோயிருக்கும். விலை குறைந்த சிவப்பு ஒயினில் புது வருடத்ததையே எடுங்க. திறப்பதற்கு முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வெச்சு எடுங்க. 'அறை வெப்பநிலையில் குடிக்கணும்'னு சொன்னவங்க ரூம் வேற, நம்ம ரூம் வேற.

'ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது'தானே?

இந்த ஃபார்வர்டை இன்னுமா நம்புறீங்க? மது குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோயை உண்டாக்குபவை என உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் மது இருக்கு. திராட்சைத் தோலில் இருக்கும் 'ரெஸ்வெராட்ரால்' பற்றி நிறைய பேசுவாங்க. ஒரு கிளாஸில் அதன் அளவு மிகச் சொற்பம். ஒயின் குடிக்காதவர் ஆரோக்கியத்துக்காக ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்லை.

அந்த வகையில் உண்மையான 'அஃபோர்டபிள் மாற்று' தேனி மாவட்டத்தில் இருக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. அதன் சாற்றில் கொஞ்சம் மாதுளைச் சாறு, ஆறவைத்த கட்டன் சாய் சேர்த்துப் பாருங்க. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூணும் வந்துடும். பாஸ்தாவுக்கும் பொருந்தும், பள்ளிப்பாளையம் சிக்கனுக்கும் பொருந்தும், ரீல்ஸிலும் கலர் அள்ளும்.

யாருக்கு மலிவு?

கடைசியா ஒரு கேள்வி. ஐரோப்பாவின் உயர் விலை ஒயினுக்கு வரி குறையுது. அதே சமயம், சேலம், நாமக்கல் தோட்டங்களில் நிற்கும் தென்னையிலும் பனையிலும் இறக்கும் கள்ளுக்கு 1987-லிருந்து தமிழ்நாட்டில் தடை. பக்கத்து கேரளாவில் அனுமதி உண்டு. 'கள் எங்கள் உணவு' என்கிறார்கள் தடையை எதிர்க்கும் விவசாயிகள். கலப்படம் நடக்கும், ஏழைக் குடும்பம் இன்னும் நொடிக்கும் என்கிறது மறுதரப்பு. ரெண்டு வாதத்திலும் உண்மை இருக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, பாதிக்கப்பட்ட பலர் கொண்டுவரப்பட்டது சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான். 'மலிவு' என்ற சொல்லுக்கு அங்கே இருந்த அர்த்தம் வேறு.

வர்த்தக ஒப்பந்தங்கள் மேல்தட்டு பாட்டிலின் விலையைத்தான் பேசுகின்றன. கீழ்த்தட்டில் எதைக் குடிக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள் என்பதை நாமதான் பேசணும். 1937-ல் அந்தப் பேச்சு சேலத்தில்தான் தொடங்கியது. இன்னும் முடியலை.

*மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.*