ஆவடிப் பிள்ளைகளின் மாலை நேரம்

கூட்டுக் குடும்பம் உடைந்ததால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்கிறார்கள். சென்னையை ஒட்டிய ஆவடியில் இந்த வாதம் நிற்காது. 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் தனிக்குடித்தனம்தான் நடத்தினார்கள். பாட்டி ஊரில், பிள்ளைகள் இங்கே. அவர்கள் கெட்டா போனார்கள்?

அன்று பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மாக்களில் பலர் வீட்டில் இருந்தார்கள். இன்று அம்மாவும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறார். வாடகை வீடோ அடிக்கடி மாறுகிறது. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிய ஐந்தாம் வகுப்புப் பெண், நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்து, பூட்டைத் திறந்து, காலையில் மூடிவைத்த சாதத்தைத் தம்பிக்கு ஊட்டுகிறாள். அம்மா வர ஏழு மணியாகும். பிரச்சினை அந்த மூன்று மணி நேரம்தான்.

பழைய பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கூலியில்லாத மருமகள்களும், படிப்பை நிறுத்திய அக்காக்களும். அந்த ஏற்பாடு திரும்ப வேண்டுமா? எனக்கு வேண்டாம்.

மாற்று வழி சட்டத்திலேயே உண்டு. ஒரு தொழிற்சாலையில் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று, 1976இல் திருத்தப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017இன் மகப்பேறு சட்டத் திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் அதை விரித்தது. காப்பகம் எங்கே என்று முதலாளியைக் கேட்காமல், வேலைக்குப் போகும் தாயை ஏன் கேட்கிறீர்கள்?

2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, வீட்டில் பாட்டி இருக்கிறாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. பிள்ளை பசியோடு வருகிறது, சோறு போட்டார்கள். அதேபோல ஆவடி அரசுப் பள்ளிகளை மாலை ஏழு வரை திறந்து வையுங்கள்: ஒரு ஆயா, ஒரு கிண்ணம் சுண்டல், விளையாட மைதானம்.