பிறேக் கட்டையைப் பார்த்தீர்களா?

பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிப்போவதும் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோவதும் இன்று எம்மில் பலருக்கு ஸ்கூட்டியில்தான். உழைப்பவரும் ஒருவர், ஓட்டுபவரும் அவரே என்ற வீட்டில் அவர் விழுந்தால் அடுப்பும் எரியாது. ஆனால் பெற்றோலுக்குக் கணக்குப் பார்க்கும் நாம் பிறேக் கட்டையைக் குனிந்து பார்ப்பதில்லை. கிறவல் வீதித் தூசியில் அது விரைவாகவே தேய்ந்துவிடும்.

முன்சில்லில் டிஸ்க் இருந்தால், அதை இருபக்கமும் கௌவிப் பிடிக்கும் கட்டைகளை ரோச் அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டியுள்ள பகுதி 1 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வரும்வரை விட்டால் டிஸ்க்கும் பழுதாகும். பிறகு இரட்டைச் செலவு.

கராஜில் விட்டுவிட்டுத் தூரத்தில் நிற்காதீர்கள், சகோதரிகளே. கட்டைகளைச் சோடியாகவே மாற்ற வேண்டும். கழற்றிய நேரத்தில் யாரும் பிறேக் பிடியை அழுத்தக்கூடாது. உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். தூசியை வாயால் ஊதுவது நம்மவர் பழக்கம். அதில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். புதுக் கட்டையில் எண்ணெய்க் கை படவே கூடாது. பழைய கட்டையைக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி.

பூட்டி முடிந்ததும் பிறேக் பிடியைப் பல தடவை அழுத்துங்கள். முதலில் வெறுமையாகப் போகும். நன்றாக இறுகிய பின்னரே வண்டியை எடுத்து, ஒழுங்கைக்குள் மெதுவாக ஓடி நிறுத்திப் பாருங்கள். பிள்ளையை ஏற்றுவது அதற்குப் பிறகு.