அந்தச் சின்னம் யாருடையது?

எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் நினைவுப்பொருள் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மெக்லியோட், மெக்கன்சி, ஃபிரேசர் என்று குலப்பெயரைச் சொன்னால், அந்தக் குலத்தின் சின்னம் பொறித்த சாவிக்கொத்தும் கோப்பையும் கைக்கு வந்துவிடும். 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று சொல்லி விற்பதுதான் தவறு. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் குடும்பச் சின்னம் என்ற ஒன்றே கிடையாது. சின்னம் தனியொருவருக்கு உரியது. கடையில் கிடைப்பது குலத் தலைவருடையது.

ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டைக்குரிய மெக்லியோட் குலத்தைப் பாருங்கள். அக்குலத்தவர் தொப்பியில் குத்திக்கொள்ளும் வில்லையின் நடுவே ஒரு காளைத்தலை நம்மை நேராகப் பார்க்கிறது, இருபுறமும் கொடிகள். அதைச் சுற்றி ஒரு தோல்வார் வளைந்து வந்து பக்கிளில் மாட்டிக்கொள்கிறது. மிச்ச நுனி கீழே தொங்குகிறது. 'உறுதியாகப் பற்று' என்னும் பொருளுள்ள குலவாசகம் வாரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அணிந்திருப்பவர் யார் என்பதைச் சொல்வது அந்த வார்தான். அவர் தலைவர் அல்லர், தலைவரைச் சேர்ந்தவர். தலைவரின் வில்லையில் வார் இராது. வெறும் வளையமும் மூன்று கழுகு இறகுகளும் இருக்கும்.

இந்த ஒழுங்கைக் காக்க லார்ட் லயன் நீதிமன்றம் என்று தனி நீதிமன்றமே இயங்குகிறது. 1592, 1672 ஆண்டுச் சட்டங்கள் இன்றும் அதன் கையில் உள்ளன. ஏர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் பழைய சின்னம் அந்த 1592 சட்டத்தை மீறுவதாகப் புகார் எழ, கழகம் அதை மாற்றிக்கொண்டது.

இது பிரபுக்கள் காலத்து மிச்சம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் விதி எளியவரை வெளியே நிறுத்தவில்லை. குலப்பெயர் உள்ளவரும், தலைவரை ஏற்று வந்தவரும் வார் சூழ்ந்த வில்லையை யாரிடமும் அனுமதி கேட்காமல் அணியலாம். தனக்கே சொந்தமான சின்னம் போல வீட்டு வாசலிலும் கடிதத்தாளிலும் அதைப் பொறிப்பதுதான் கூடாது. ஹீத்தர், யூ, ஹாலி என்று குலத்துக்கொரு செடிக்கொத்தைத் தொப்பியில் செருகும் வழக்கமும் உண்டு. அதற்கு இந்தக் கெடுபிடி ஏதுமில்லை.

சேர்ந்திருப்பது என்றால் என்ன என்பதை மெக்கிரிகர் குலத்தாரிடம்தான் கேட்க வேண்டும். 1603-இல் அவர்களின் பெயரே தடைசெய்யப்பட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் உயிர் போகலாம் என்பதால் பலர் வேறு பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள். தடை முற்றிலும் நீங்கியது 1774-இல். இன்று அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் முடிசூடிய சிங்கத்தலையை நெஞ்சில் அணிகிறார் என்றால், பறிக்கப்பட்ட உறவைத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார். அவரிடம் அதை வெறும் சொத்துப்பத்திரம் போல நீட்டுவது அந்த வரலாற்றைச் சிறுமைப்படுத்துவதாகும்.

விற்பனையை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. இது எந்தத் தலைவரின் சின்னம், சுற்றியுள்ள வார் எதற்கு என்று விலைச்சீட்டின் பின்புறம் இரண்டு வரி அச்சிடலாம். தனக்கென்றே சின்னம் வேண்டும் என்பவரை, தகுதி இருந்தால் லார்ட் லயன் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும்படி சொல்லி அனுப்பலாம்.