இதுக்குச் சம்பளம் உண்டாண்ணா?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செம்பாறை மலை உச்சியிலிருந்து ஒருவர் சைக்கிளோடு குதிக்கிறார். நடுவானில் ஒருமுறை சுழன்று, கீழே சரிவில் சக்கரம் பதிய இறங்கி, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறார். 2001இல் தொடங்கிய ரெட் புல் ராம்பேஜ் போட்டி அது. நான்கைந்து முறை பார்த்துவிட்டுத் தம்பி கேட்டார்: "அண்ணா, இதுக்குச் சம்பளம் உண்டாண்ணா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். "அதெல்லாம் பணக்காரப் பசங்க விளையாட்டு. நீ முதல்ல பரீட்சைக்குப் படி தம்பி" என்றோம். அவரும் போனைப் பையில் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு அந்தப் பதில் எங்களையே உறுத்தியது. "உங்களுக்கு எதுக்குடா இதெல்லாம்" என்று ஊர்த்தெருவில் நம் அப்பாக்களிடம் சொல்லப்பட்ட பதில்தான் அது. நாங்கள் கொஞ்சம் கனிவாகச் சொன்னோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே, அந்தத் தம்பிக்குத் தந்திருக்க வேண்டிய பதிலைத் தேடிப் படித்து இங்கே எழுதுகிறோம்.

சம்பளம் உண்டா? உண்டு. மிகச் சிலருக்கு. அது எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் ட்ரெக், ஸ்பெஷலைஸ்டு, சான்டா க்ரூஸ் போன்ற சைக்கிள் நிறுவனங்களின் அணியில் இருப்பவர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம், வண்டி, மெக்கானிக், பயணச் செலவு எல்லாம் கிடைக்கும். உலகக் கோப்பைத் தொடரில் தொடர்ந்து முன்வரிசையில் வருபவர்களுக்குத்தான் இந்த இடம். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டுமே.

இரண்டாம் வகையினரைப் 'பிரைவட்டீர்' என்கிறார்கள். தனக்குத் தானே முதலாளி, தானே தொழிலாளி. டயருக்கு ஒரு கம்பெனி, ஹெல்மெட்டுக்கு ஒரு கம்பெனி, சத்துப் பானத்துக்கு ஒரு கம்பெனி என்று தனித்தனியாகப் பேசி ஆதரவு வாங்க வேண்டும். பரிசுப் பணத்தை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. 2022இல் அமெரிக்காவில் தொடங்கிய லைஃப் டைம் கிராண்ட் பிரீ தொடரைப் பாருங்கள். மொத்தப் பரிசு 2,50,000 டாலர் என்றதும் பெரிய செய்தியானது. விண்ணப்பித்தவர்களிலிருந்து 30 ஆண்கள், 30 பெண்கள் தேர்வானார்கள். கலிஃபோர்னியாவில் தொடங்கி அர்கன்சாஸில் முடியும் பந்தயங்கள். பரிசு ஆணிலும் பெண்ணிலும் முதல் பத்து இடங்களுக்கு மட்டும். மீதி 40 பேர் அந்தத் தொகையிலிருந்து ஒரு டாலர்கூட வாங்காமல், மாநிலம் விட்டு மாநிலம் போய்வந்த செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகையினர் சாகசப் பயணிகள். கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து ராக்கி மலைத்தொடர் வழியாக மெக்சிகோ எல்லைவரை 4,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 'டூர் டிவைட்' பயணத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக ஓட்ட வேண்டும். அந்தப் பாதையில் பேர்பெற்ற லேல் வில்காக்ஸ் 2024இல் 108 நாட்களில் உலகைச் சுற்றி வந்து பெண்களுக்கான சாதனையைப் படைத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு வருமானம் பந்தயத்திலிருந்து வருவதில்லை. ஆதரவு தரும் கம்பெனிகள், படம், பேச்சு, எழுத்து ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதாவது அவர்களுடைய கதைதான் சரக்கு.

இந்த மூன்று வகைக்கும் பின்னால் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்: மெக்கானிக், பயிற்சியாளர், மலைச்சரிவில் பாதை வெட்டுபவர், வழிகாட்டி, படம் பிடிப்பவர். உண்மையில் நிலையான வேலை அதிகம் கிடைப்பது இவர்களுக்குத்தான்.

தோழர்களே, இந்தத் தொழிலில் திறமையைவிட முன்னால் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. விழுந்தால் யார் தூக்குவார்கள்? காறை எலும்பு முறிவது இங்கே சகஜம். பல வாரங்கள் வண்டியைத் தொட முடியாது. வீட்டில் சொத்து இருப்பவர் அந்த நாட்களில் ஓய்வெடுப்பார். அப்பா கட்டட வேலைக்கும் அம்மா நூறு நாள் வேலைக்கும் போகும் வீட்டில், அந்த முறிவோடு கனவும் முடிந்துவிடும். பந்தயத்துக்குரிய வண்டியின் விலையோ பல இலட்சம் ரூபாய். துணிச்சல் எல்லோருக்கும் இருக்கலாம். திரும்பத் திரும்ப விழுவதற்கான வசதி எல்லோருக்கும் இல்லை. ஆகவே "பணக்காரப் பசங்க விளையாட்டு" என்று நாங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எங்கள் தவறு, அந்த நிலைமையை இயற்கை விதியைப் போல அந்தத் தம்பியிடம் சொன்னது.

மறுபாதி உண்மை வரலாற்றில் இருக்கிறது. மவுண்டன் பைக்கின் கதையை எங்கே கேட்டாலும் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில்தான் தொடங்குவார்கள். 1976 அக்டோபரில் சில வெள்ளை இளைஞர்கள் பழைய பருமனான டயர் சைக்கிள்களில் மலையிறங்கிப் பந்தயம் விட்டார்கள். இறங்கும் சூட்டில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோகும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், டாம் ரிட்சி ஆகியோர் அங்கிருந்து வந்து தொழில் வளர்த்தவர்கள். அவர்களுடைய உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் மலையில் சைக்கிள் ஓட்டிய கதை அங்கே தொடங்கவில்லை.

1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தங்கள் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கறுப்பின மக்களின் வரலாறு நமக்கும் பாடம். அந்தப் பாடத்தில் சைக்கிளும் ஒரு பக்கம்.

1897 ஜூன் 14. மொன்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டையிலிருந்து அமெரிக்க இராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். அவர்களை நடத்திச் சென்ற அதிகாரி ஜேம்ஸ் மாஸ் வெள்ளையர். படைக்குக் குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று பார்ப்பதற்கான சோதனை அது. கூடாரம், போர்வை, உணவு, துப்பாக்கி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, கியர் இல்லாத இரும்பு வண்டியில் ராக்கி மலையை ஏறி இறங்கினார்கள். சேற்றில் சக்கரம் சுழலாதபோது தோளில் தூக்கினார்கள். சாலை இல்லாத இடத்தில் தண்டவாளக் கட்டைகள் மீது குலுங்கக் குலுங்க ஓட்டினார்கள். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் கெட்ட தண்ணீர் குடித்துப் பலர் நோயில் விழுந்தார்கள். 1,900 மைல் கடந்து ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தார்கள். இன்று இலட்சக்கணக்கில் செலவழித்துச் செய்யும் 'பைக்பேக்கிங்' இதுதானே!

அந்த வீரர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் புறப்படுவதற்கு ஓராண்டு முன்புதான், 1896இல், பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி சட்டப்படி சரி என்று தீர்ப்பளித்திருந்தது. இராணுவமோ சோதனையை அத்தோடு நிறுத்தி அவர்களை ரயிலில் திருப்பி அனுப்பியது. அந்தப் பயணத்தில் சார்ஜென்டாக இருந்தவர் மிங்கோ சாண்டர்ஸ். 1906இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு 25ஆம் காலாட்படை வீரர்கள்மீது பழி போடப்பட்டது. விசாரணை நீதிமன்றம் எதுவும் இல்லாமலேயே 167 பேரை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெளியேற்றினார். அவர்களில் சாண்டர்ஸும் ஒருவர். ஓய்வூதியத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர் வெறுங்கையோடு போனார். 1972இல்தான் இராணுவம் அந்தப் பழியைத் துடைத்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

சங்கங்களும் இப்படித்தான் இருந்தன. அமெரிக்க வீல்மென் சங்கம் நல்ல சாலை கேட்டுப் போராடிய பெரிய சைக்கிள் சங்கம். 1894இல் அது வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி எழுதியது. அந்த விதியை முறைப்படி கைவிட்டது 1999இல். இடையில் 1899இல் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் மான்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனார். ஓடுதளத்தில் அவரை வெல்ல முடியாதவர்கள் தள்ளிவிட்டும் மிரட்டியும் பார்த்தார்கள். அவர் 1932இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார்.

சாலைக்காகப் போராடியவர்களே அந்தச் சாலையில் இன்னொருவர் வரக்கூடாது என்றார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு ஊர் நினைவு வராமல் இருக்குமா? ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிப் போனவர்கள் நம் தாத்தாக்கள். அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அந்தக் குடும்பம் சொன்னது. வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கும் கையைத்தான் வெட்டினார்கள். நமக்குச் சாகசம் ஊர்த்தெருவிலேயே தொடங்கிவிடுகிறது.

அப்படியென்றால் வழி இல்லையா? கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா வீரர்களைக் கொண்டு டீம் அமானி உருவானது. நல்ல பந்தயங்கள் எல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்; அங்கே போக விசா வேண்டும், பணம் வேண்டும். அழைப்புக்காகக் காத்திருக்காமல், 2021இல் மசாய் மாரா பகுதியில் சரளைக்கல் பாதையில் தங்கள் பந்தயத்தையே தொடங்கினார்கள். உலக வீரர்கள் அங்கே வந்து அவர்களோடு ஓட்டினார்கள். அணித்தலைவர் சூலே கங்காங்கி, 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் பந்தயத்தில் விழுந்து இறந்தார். வயது 33. அவர் போன பிறகும் அந்த அணி கலையவில்லை.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பகுதியில், உலகப் புகழ்பெற்ற கேப் எபிக் பந்தயம் ஓடும் திராட்சைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில், கயமண்டி என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருக்கிறது. அங்கே சோங்கோ ஃபிபாசாவும் சுவிஸ் வீரர் கிறிஸ்டோஃப் சவுசரும் 2008இல் தொடங்கிய அமைப்பு, குழந்தைகளுக்குச் சைக்கிளோடு பாடமும் சொல்லித் தருகிறது. சைக்கிளா படிப்பா என்று அவர்கள் குழந்தைகளிடம் கேட்கவில்லை. நாங்கள் அந்தத் தம்பியிடம் கேட்டோம்.

நேபாளத்தின் ராஜேஷ் மகர், உதிரி இரும்பில் சைக்கிள் செய்து ஓட்டிப் பழகித் தேசியச் சாம்பியன் ஆனவர். 2018இல் அவரைப் பற்றி வந்த 'ஆர்ஜே ரிப்பர்' படம் உலகம் முழுவதும் கைதட்டல் வாங்கியது. நாமும் தட்டுவோம். ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. ஏழைப் பையனின் கதை நன்றாக விற்கும். ஒருவர் ஏறிவிட்டால், ஏறாத ஆயிரம் பேரைப் பார்த்து "உனக்கு உழைப்புப் போதாது" என்று சொல்வதற்கும் அதே கதை பயன்படும். இடஒதுக்கீட்டுக்கு எதிராக இதே பேச்சை நாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். நமக்கு வேண்டியது ஒரு வீரர் அல்ல. வீரர்கள் வரும் பாதை.

தமிழ்நாட்டில் அந்தப் பாதையின் தொடக்கம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசியவர்களைத் தாண்டித்தான் ஓட்டினார்கள். அரசு தரும் விலையில்லா மிதிவண்டி முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியதுதான். பள்ளிக்குப் போகச் சைக்கிள் கொடுத்த அரசிடம் விளையாடவும் சைக்கிள் கேட்கலாம். மாவட்ட விளையாட்டரங்கத்தில் மலைச் சைக்கிள்களை இரவல் கொடுக்கச் சொல்வோம். விழுந்தால் சிகிச்சைக்குக் காப்பீடு கேட்போம். ஒவ்வோர் ஆண்டும் செலவாகாமல் திரும்பும் துணைத்திட்ட நிதி இதற்கு ஏன் வரக்கூடாது? மலை காலியிடம் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. சாகசச் சுற்றுலா என்று எது வந்தாலும் அங்கே வாழும் பழங்குடிகளின் சம்மதத்தோடு வர வேண்டும். அவர்கள் வெறும் சுமைதூக்கிகளாக நிற்கக்கூடாது.

"தோழர், நிலமும் இல்லை, சுடுகாட்டுக்கு வழியும் இல்லை. இந்த நேரத்தில் விளையாட்டா?" என்று சில மூத்தவர்கள் கேட்பார்கள். மதிப்போடு சொல்கிறோம்: சுடுகாட்டுக்கு வழி கேட்பதும் மலைக்கு வழி கேட்பதும் ஒரே கோரிக்கைதான். பொதுவழியில் இறங்காமல் போகும் உரிமை அது. வேலைக்கு மட்டுமல்ல, மகிழ்ச்சிக்காகவும் போகும் உரிமை.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இது: சம்பளம் உண்டு, ஆனால் குறைவான பேருக்கு, நிலையில்லாதது, உடம்பை விலையாகக் கேட்பது. ஓட்டுபவரைத் தவிர மெக்கானிக்குக்கும் பயிற்சியாளருக்கும் வழிகாட்டிக்கும் அங்கே வேலை உண்டு. பரீட்சைக்கும் படி. வருகிற ஞாயிறு உன் அரசாங்க சைக்கிளோடு படிப்பகத்துக்கு வா. சைக்கிள் கடை வைத்திருக்கும் நம் தோழர் ஒருவர் பிரேக், செயின், ஃப்ரீவீல் மூன்றையும் கழற்றி மாட்டச் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சிரித்த நாங்களும் உன்னோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறோம்.