பாசியிலிருந்து டீசல்: சம்பளப் பணத்தைப் போடலாமா?

"ப்ரோ, சாக்கடைத் தண்ணியையும் சுத்தம் பண்ணுமாம், அதுலேயே டீசலும் எடுக்கலாமாம். இந்த ஷேர் வாங்கலாமா?" நண்பர் ஒருத்தர் கேட்டார். கையில் இருந்தது எமர்ஜென்சி ஃபண்ட்.

என் பதில்: அறிவியல் உண்மைதான். ஆனா அந்தப் பணத்தைத் தொடாதீங்க.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். நுண்பாசி கழிவுநீரில் இருக்கிற நைட்ரஜன், பாஸ்பரஸைச் சாப்பிட்டு வளரும். பகலில் ஆக்சிஜனும் விடும். கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாவுக்கு அது கிடைச்சா, காற்று ஊதுகிற மோட்டாரின் கரண்ட் பில் குறையும். ஸ்பெயினில் சிக்லானா என்ற ஊரில் இப்படி வளர்த்த பாசியிலிருந்து மீத்தேன் எடுத்து, காரே ஓட்டிக் காட்டினாங்க.

அப்போ சிக்கல் எங்கே? திறந்த குளத்தில் ஒரு லிட்டருக்குப் பெரும்பாலும் 1 கிராம் பாசிகூடத் தேறாது. 1,000 லிட்டரை வடிகட்டினாலும் ஒரு கிலோவுக்குக் கீழேதான். பிரிக்க, காய வைக்க, எண்ணெய் எடுக்க, எல்லாத்துக்கும் செலவு. போட்டியோ கச்சா எண்ணெயோடு.

பெரிய ஆட்களே இதில் கையைச் சுட்டுக்கிட்டாங்க. எக்ஸான்மொபில் 2009-ல் 60 கோடி டாலர் வரை போடுவோம்னு அறிவிச்சது. 2025-க்குள் தினமும் 10,000 பேரல் எடுக்கும் திறன் வரும்னும் சொன்னது. அதுக்கு முன்னாடியே விலகிட்டது 2023-ல் தெரிஞ்சது. சோலாசைம், பாசிக்குச் சர்க்கரை ஊட்டி எண்ணெய் எடுத்த கம்பெனி. 2011-ல் 18 டாலருக்கு ஐபிஓ. பிறகு உணவுப் பக்கம் திரும்பி, டெராவியான்னு பெயரையும் மாத்தி, 2017-ல் திவால்.

எக்ஸான் தாங்கும். ஆனா வேலை போனா அடுத்த மாச வாடகைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

அதனால, இப்படி ஒரு கம்பெனியைப் பார்த்தா ஒரே கேள்வி கேளுங்க: வருமானம் எங்கிருந்து வருது? கழிவுநீரைச் சுத்தம் பண்ண நகராட்சியோ தொழிற்சாலையோ காசு கொடுக்குது, எரிபொருள் கூடுதல் லாபம்னா, பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கலாம். "இன்னும் அஞ்சு வருஷத்துல டீசல் வித்துச் சம்பாதிப்போம்"னு மட்டும் சொன்னா, கும்பிடு போட்டு நகர்ந்துடுங்க.

ஆறு மாசச் செலவு, இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி. இது மூணும் ஓடின பிறகு, போனாலும் தூக்கம் கெடாத தொகை இருந்தா மட்டும் ஆசைப்படுங்க.